சைக்கிள் கொடுத்தாங்க, ஓரம் கொடுக்கல

போன வாரம் ஒரு மம்பட்டி இரவல் வாங்க பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவங்க கட்டுத்தரையில, தவிட்டு மூட்டைக்குப் பின்னாடி, ஒரு சைக்கிள் நின்னுது. பள்ளிக்கூடத்துல அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள்தான். சீட்டு மேல சுத்தியிருந்த பிளாஸ்டிக் கவர் பாதி கிழிஞ்சிருக்கு, மீதி அப்படியே இருக்கு. பின் சக்கரத்துல காத்து இல்லை. ஹேண்டில்பார்ல ஆட்டுக்குட்டிக் கயிறு தொங்குது.

அந்த வீட்டுப் பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது. "என்ன கண்ணு, சைக்கிளை ஓட்டறதே இல்லையா?"ன்னு கேட்டேன்.

"நாலு நாள் ஓட்டினேன் பெரியப்பா. அந்த ரோட்டுல எங்க ஓட்டறது? பின்னாடி லாரி ஹாரன் அடிச்சா கீழ எறங்க முடியல, எறங்கினா விழுந்துடறோம். அப்பாதான் வேண்டாம்னுட்டாரு."

இப்ப அவங்கப்பா தினமும் காலையில பால் கறந்து முடிச்ச கையோட டூவீலர்ல கொண்டுபோய் ரெண்டரை கிலோமீட்டர் தள்ளி பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு வர்றாரு. சாயந்திரம் தண்ணி கட்டற வேலையைப் பாதியில விட்டுட்டு மறுபடியும் கூட்டிட்டு வரப் போறாரு. அவருக்கு ஏதாவது வேலை இருந்தா அன்னைக்கு அந்தப் புள்ளைக்கு லீவு.

அன்னைக்கு ராத்திரியெல்லாம் எனக்கு இதே யோசனை. சைக்கிள் கொடுக்குது ஒரு துறை. 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லை, அதுக்குப் பணம் கொடுக்குது இன்னொரு துறை. ரோடு போடுது மூணாவது துறை. மூணுமே நல்ல காரியம். ஆனா வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல இருக்கிற அந்த ரெண்டரை கிலோமீட்டரை ஒரு பொண்ணு பயமில்லாம எப்படிக் கடந்து போகும்ங்கறது எந்தத் துறையோட கணக்கிலயும் வரலை.

எங்க ரோட்டைப் பத்திச் சொல்லணும். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல, மெயின் ரோட்டுல இருந்து பிரிஞ்சு உள்ள வர்ற ஊராட்சி ரோடு. நான் பள்ளிக்கூடம் போன காலத்துல அது மண் ரோடு. மழை பேஞ்சா சேறு, வெயில் அடிச்சா புழுதி. குச்சிக்கிழங்கு லோடு ஏத்த லாரி உள்ள வராது. மாட்டு வண்டியில கிழங்கை ஏத்தி மெயின் ரோடு வரைக்கும் கொண்டு போகணும். வியாபாரி அதைச் சொல்லியே மூட்டைக்கு விலையைக் குறைப்பான். பிரசவ வலி வந்த பொம்பளையைக் கட்டில்ல தூக்கிட்டுப் போனதையும் பார்த்திருக்கேன். அதனால தார் ரோடு வந்தப்ப சந்தோசப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன். இன்னைக்கும் தார் ரோடு வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லைங்க நான். இதை முதல்லயே சொல்லிடறேன். இல்லைன்னா "உனக்கு ரோடே வேண்டாமா"ன்னு சண்டைக்கு வர நாலு பேர் இருக்காங்க.

பிரச்சினை தார்ல இல்லை, தாரோட ஓரத்துல.

டேப் எடுத்துட்டுப் போய் அளந்தே பார்த்தேன். தார் ஒரு பனிரெண்டு அடி அகலம். முதல்ல போட்டதுக்கு மேல ரெண்டு தடவை போட்டிருக்காங்க, ஒவ்வொரு தடவையும் பழசைச் சுரண்டாம அது மேலயே. மட்டம் ஏறிக்கிட்டே வந்தது, பக்கத்துல இருக்கிற மண்ணு இறங்கிக்கிட்டே போனது. இப்ப தார் முடியற இடத்துல ஒரு சாண் பள்ளம். சில இடத்துல எட்டு இன்ச், கல்வெட்டுப் பாலத்துக்கிட்ட ஒரு முழமே இருக்கும். அதுக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிச் சரியா மூடாத குழி, யாரோ கொட்டின கட்டட இடிபாடு. எதிர்ல கோழித்தீவன லாரி வந்தா நடந்து போறவன் ஒதுங்கி நிக்க ஒரு அடி இடம் கிடையாது.

மூணு வருசத்துக்கு முன்னாடி எங்கம்மா அந்தப் பள்ளத்துல விழுந்தாங்க. விடிகாலை அஞ்சரை மணி, பால் சொசைட்டிக்குத் தூக்குப்போசியோட போயிட்டு இருந்தாங்க. முன்னாடி இருந்து லைட்டு, பின்னாடி இருந்து ஹாரன். ஓரமா ஒதுங்கலாம்னு காலை வெச்சிருக்காங்க, வெச்ச இடத்துல தரை இல்லை. இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேசன் பண்ணி பிளேட் வெச்சோம். எந்த வண்டியும் அவங்களை இடிக்கல. அதனால கேஸ் இல்லை, எங்கயும் பதிவு இல்லை. இன்னைக்கு வரைக்கும் "போசியில இருந்த பால் பூரா கொட்டிப்போச்சே சாமி"ன்னுதான் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் அவங்க அந்த ரோட்டுல நடக்கறதில்லை.

அடுத்தது ஒரு வேடிக்கை. கிராமத்து ரோடு எப்படி இருக்கணும்னு அரசாங்கமே எழுதி வெச்சிருக்கு. பிரதமர் கிராம சாலைத் திட்டம் 2000ஆம் வருசம் டிசம்பர் 25ஆம் தேதி ஆரம்பிச்சது. சமவெளியில 500 பேருக்கு மேல இருக்கிற குடியிருப்புகளுக்கு எல்லாம் ரோடுங்கறது அதோட ஆரம்பக் கணக்கு. அதுல பின்பற்றுற இந்திய சாலைக் காங்கிரஸ் அளவுப்படி தார் 3.75 மீட்டர், ரோட்டோட மொத்த அகலம் 7.5 மீட்டர். வண்டி ரொம்பக் குறைவா ஓடற ரோடுன்னா தார் 3 மீட்டர், மொத்தம் 6 மீட்டர். கழிச்சுப் பாருங்க. தாருக்கு ரெண்டு பக்கமும் குறைஞ்சது ஒன்றரை மீட்டர், அதாவது அஞ்சடி அகலத்துக்கு மண் ஓரம் இருந்தாகணும். அஞ்சடியில ஒரு பொண்ணு சைக்கிள்ல போலாம், ஒரு கிழவி பால் கொண்டு போலாம், ஆட்டை ஓட்டிட்டுப் போலாம். நாம புதுசா எதையும் கேக்கலை, காகிதத்துல இருக்கிறதைத்தான் கேக்கறோம்.

அப்ப அந்த அஞ்சடி எங்க போச்சு? நான் பார்த்த வரைக்கும் சொல்றேன். ரோடு போடும்போது எம்-புக்ல எழுதறது ஜல்லி எத்தனை இன்ச், தார் எத்தனை இன்ச், நீளம் எவ்வளவு. பில் பாஸ் ஆகறதும் அதை வெச்சுத்தான். ஓரத்துக்குக் கிராவல் கொட்டி, தண்ணி விட்டு, ரோலர் ஓட்டி தார் மட்டத்துக்குக் கொண்டு வர்றதும் எஸ்டிமேட்ல இருக்கும். ஆனா அது கடைசி வேலை. கடைசி வேலைக்கு வரும்போது ரோலர் வேற ஊருக்குப் போயிடும். ஜேசிபி வெச்சுப் பக்கத்துல இருக்கிற மண்ணையே வழிச்சு ஓரத்துல தள்ளிட்டுப் போயிடுவாங்க. முதல் மழையில அது ஓடையில இருக்கும். போட்ட ரோட்டை அஞ்சு வருசம் காண்ட்ராக்டரே பராமரிக்கணும்னு அந்தத் திட்டத்துல விதி இருக்கு, அதுல ஓரத்துக்கு மண் நிரப்பறதும் புதர் வெட்டறதும் அடக்கம். ஆனா திறப்பு விழாவுக்கு வர்ற யாரும் ஓரத்துல நடந்து வர்றதில்லையே, கார்ல வந்து கார்ல போறாங்க.

பழைய தாரைச் சுரண்டாம மேல மேல போடறதைப் பத்தியும் உத்தரவு இருக்கு. 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, ரோட்டு மட்டம் உயராம பழசைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும்னு எல்லாத் துறைக்கும் கடிதம் அனுப்பினார். டவுன்ல வீடுகளுக்குள்ள மழைத்தண்ணி புகுதுன்னு எழுதினது அது. எங்களுக்குத் தண்ணி புகறதில்லை, மனுசன்தான் விழறான். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

இனி காசு விசயம். "ஓரம் போடக் காசு இல்லைங்க"ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்.

டிராக்டருக்கு டீசல் அடிக்கும்போது சாலைக்குன்னு ஒரு செஸ் நாம கட்டறோம். 2000ல வந்த மத்திய சாலை நிதிச் சட்டத்துல, டீசல் மேல வசூலிக்கற செஸ்ல பாதி கிராமச் சாலைக்குன்னு எழுதியிருந்தாங்க. கிராம சாலைத் திட்டத்துக்குப் பணம் வந்த வழி அதுதான். 2018ல சட்டத்தைத் திருத்தி, பேர்ல உள்கட்டமைப்பையும் சேர்த்து, ரோடு இல்லாத மத்த வேலைக்கும் அந்தப் பணம் போகலாம்னு ஆக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடியே, 2015-16ல இருந்து, கிராம சாலைத் திட்டத்துக்கு முழுப் பணமும் தர்றதை நிறுத்தி மத்திய அரசு 60, மாநிலம் 40ன்னு பிரிச்சாச்சு. உழவு ஓட்டற டிராக்டர் ரோட்டுல ஓடற நேரம் கம்மி, வயல்ல ஓடற நேரம்தான் ஜாஸ்தி. வயல்ல எரிக்கற டீசலுக்கும் சாலை செஸ் கட்டற ஆள் விவசாயி. அந்தக் காசுல எங்க ரோட்டுக்கு ஓரம் கேக்கறதுக்கு எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கறேன்.

மாநில அரசும் சும்மா இல்லை. 2023 ஜனவரியில முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம்னு அறிவிச்சாங்க. ரெண்டு வருசத்துல 10,000 கிலோமீட்டர், 4,000 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தா கிலோமீட்டருக்கு 40 லட்சம். இதோட நம்ம சேலத்துல இருந்து சென்னைக்குப் போட நினைச்ச எட்டுவழிச் சாலையை வெச்சுப் பாருங்க. 2018ல சொன்ன கணக்கு 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி. கிலோமீட்டருக்கு 36 கோடி. எங்க ரோடு மாதிரி 90 கிலோமீட்டர் போடற காசு, அங்க ஒரே ஒரு கிலோமீட்டர். அந்த ரோட்டுக்காக சேலம் பக்கத்துல கல் நட்டதும், ஜனங்க அழுததும், 2019 ஏப்ரல்ல சென்னை உயர்நீதிமன்றம் நிலம் எடுத்ததை ரத்து பண்ணினதும், 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் மறுபடியும் நிலம் எடுக்கலாம்னு வழி விட்டதும் இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். ரோடு இதுவரைக்கும் வரலை. அதைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது. ஒண்ணே ஒண்ணு: சென்னைக்கு ரெண்டு மணி நேரம் சீக்கிரமாப் போறவனுக்காகக் கணக்குப் போடத் தெரிஞ்ச நாட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைக்காகக் கணக்குப் போடத் தெரியாம இருக்குமா?

ஓரத்துக்கு எவ்வளவு ஆகும்? நானே போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர், அரை அடி கனம். 450 கன மீட்டர் வரும். நம்ம கணக்குல யூனிட் 100 கன அடி, அப்படின்னா சுமார் 160 யூனிட் கிராவல். இறுகறதுக்குன்னு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்குங்க. உங்க ஊர்ல கிராவல் என்ன ரேட்டோ அதைப் போட்டு, ரோலர் வாடகையும் சேர்த்து, அந்த 40 லட்சத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

ஊராட்சியே செஞ்சுக்கலாமேன்னு கேப்பாங்க. 15ஆவது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்டு வந்தது. மீதி 40ல தெருவிளக்கு, சாக்கடை, சிமெண்ட் தெரு, எல்லாம். தெருவுல பேவர் பிளாக் பதிச்சா பத்து வீட்டுக்காரங்க தினமும் பார்ப்பாங்க. காட்டுக்குள்ள போற ரோட்டுக்கு ஓரம் போட்டா யார் பார்க்கறது? அதுவும் எங்க பக்கம் ஊராட்சித் தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிஞ்சு, தனி அலுவலர் கைக்குப் போயிடுச்சு. டீக்கடையில மறிச்சு நிறுத்திக் கேக்கறதுக்குன்னு இருந்த ஒரே ஆளும் இல்லை.

இதைப் படிக்கிற பலபேர், "இப்ப யாருங்க நடக்கறாங்க, எல்லார் வீட்டுலயும் வண்டி நிக்குதே"ன்னு சொல்லுவீங்க. என் மச்சானும் இதைத்தான் சொன்னாரு. ஒரு நாள் காலையில அஞ்சு மணியில இருந்து ஒன்பது மணி வரைக்கும் எங்க மேட்டுல உக்காந்து பாருங்க. பால் கொண்டு போறவங்க, நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க, ஆடு மாடு, பஸ்ஸுக்குப் போற புள்ளைங்க, ரேசன் கடைக்குப் போற கிழவிங்க. வீட்டுக்கு ஒரு வண்டி நிக்குதுங்கறது வாஸ்தவம். அந்த வண்டியை எடுத்துட்டு ஆம்பளை வேலைக்குப் போயிட்டா மத்தவங்க எல்லாம் நடைதான். அப்புறம் கோழிப்பண்ணையில வேலை செய்யற ஒடிசா, பீகார்ப் பையனுங்க. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ரெண்டு பேர் மூணு பேரா பழைய சைக்கிள்ல போறாங்க. லைட்டும் கிடையாது, ரிப்ளெக்டரும் கிடையாது. முட்டை லாரி போற வேகத்துக்கு அவனுங்க தெரியறதே கடைசி நேரத்துலதான்.

அந்தப் பையனுங்களோட பீகார்ல 2006ல பள்ளிக்கூடப் பொண்ணுங்களுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சாங்க. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க அதை ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. உயர்நிலைப் பள்ளியில சேர்ற பொண்ணுங்க 32 சதவீதம் அதிகமானாங்களாம். அதுலயும் பள்ளிக்கூடம் மூணு கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருக்கிற ஊர்லதான் பலன் ஜாஸ்தி. நம்ம தமிழ்நாடு அதுக்கு அஞ்சு வருசம் முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. 2001-02ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு, 2005-06ல இருந்து ஆண் பெண் எல்லாருக்கும். அதுக்கும் முன்னாடி புதுக்கோட்டையில, 1990களோட ஆரம்பத்துல, அறிவொளி இயக்கத்துல எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம். குவாரியில கல் உடைக்கற பொம்பளைங்க, வயல்ல வேலை செய்யறவங்கன்னு ஆயிரக்கணக்குல சைக்கிள் ஏறினாங்க. பத்திரிகையாளர் சாய்நாத் நேர்ல போய்ப் பார்த்து எழுதினதால நாடு முழுக்கத் தெரிஞ்சது. அன்னைக்கு அந்த ரோட்டுல இவ்வளவு லாரியும் காரும் இல்லை. இப்ப அதே பொம்பளையோட பேத்திக்கு சைக்கிள் அரசாங்கமே கொடுக்குது, ஆனா ஓட்ட இடம் இல்லை.

பயந்தா ஓட்ட முடியுமான்னு அந்தப் பொண்ணோட அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. 2022ல நாடு முழுக்க ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல நடந்து போனவங்க மட்டும் 32,825. அந்த வருசம் விபத்து எண்ணிக்கையில முதல் இடம் தமிழ்நாட்டுக்குத்தான், 64,105. இதுல எங்கம்மா கணக்கு இல்லை. பயந்துக்கிட்டு சைக்கிளைக் கட்டுத்தரையில நிறுத்தின புள்ளையோட கணக்கும் இல்லை.

கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் 2012ல உச்ச நீதிமன்றத்துல போட்ட பொதுநல வழக்கு இன்னும் நடக்குது. அதுலதான் 2025 மே மாசம், நடைபாதைங்கறது அரசியல் சாசனம் 21ஆவது பிரிவு சொல்ற வாழற உரிமையோட ஒரு பங்குன்னு சொல்லி, மாநிலங்கள் எல்லாம் விதிமுறை வகுக்கணும்னு உத்தரவு போட்டாங்க. சென்னை மாநகராட்சி 2014லயே, போக்குவரத்துக்கு ஒதுக்கற பணத்துல 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு கொள்கை எழுதினது. பாண்டி பஜார்ல 2019ல அகலமான நடைபாதை திறந்தாங்க, நானே பார்த்திருக்கேன், அழகா இருக்கு. ஆனா நடைபாதைன்னு சொன்னதும் எல்லாருக்கும் டவுன்தான் ஞாபகம் வருது. டைல்ஸ், கைப்பிடிக் கம்பி, பெஞ்சு. கிராமத்து ரோட்டுக்கு அதெல்லாம் வேண்டாங்க. கெட்டியான மண்ணு, தார் மட்டத்துக்கு, அஞ்சடி.

கிராமத்துல ரோட்டுக்கு ஓரம் ஒண்ணுதான் வழின்னும் இல்லை. நம்ம கொங்கு நாட்டுல முந்தியே இன்னொரு வழி இருந்தது, அதான் இட்டேரி. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்: ரெண்டு தோட்டத்துக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் வேலியோட போற பாதை. கிளுவை, கள்ளி, அதுமேல கோவைக்கொடி, பிரண்டை. உள்ள நுழைஞ்சா வெயில் தெரியாது. கௌதாரி ஓடும், ஓணான் எட்டிப் பார்க்கும். மாட்டு வண்டி போகும், மழைக் காலத்துல தண்ணியும் அது வழியாத்தான் போகும். நான் அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனது இட்டேரியிலதான். ரோட்டை மிதிச்சதே கிடையாது. வழியில இலந்தைப் பழம் பொறுக்கினதுல மணி அடிச்சு, வாத்தியார்கிட்ட வாங்கின அடியும் ஞாபகம் இருக்கு.

இன்னைக்கும் கிராம வரைபடத்துல அதெல்லாம் இருக்கு. ஏ ரெஜிஸ்டர்ல "வண்டிப்பாதை"ன்னு புறம்போக்கா எழுதியிருக்கும். அரசாங்க நிலம். யார்கிட்டயும் நிலம் எடுக்க வேண்டாம், கல் நட வேண்டாம், கோர்ட்டுக்குப் போக வேண்டாம். எங்க குடியிருப்புல இருந்து பஸ் ஸ்டாப்புக்கு இட்டேரி வழியாப் போனா ஒன்றரை கிலோமீட்டர்தான், ரோட்டுல போறதை விட ஒரு கிலோமீட்டர் மிச்சம். லாரி வராது. மேடு பள்ளத்தை நிரவி, கிராவல் கொட்டி, ரெண்டு இடத்துல தண்ணி போகக் குழாய் பதிச்சு, நாலு லைட்டுக் கம்பம் நட்டா அந்தப் பொண்ணு தாராளமா சைக்கிள்ல போகும். லைட்டு ரொம்ப முக்கியம். சாயந்திரம் இருட்டினதுக்கப்புறம் ஆள் இல்லாத வேலிக்கு நடுவுல பொண்ணை அனுப்ப எந்தத் தகப்பனும் சம்மதிக்க மாட்டான். பாம்பும் இருக்கும், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

இதைச் சொன்னா அதிகாரிங்க கேக்கற முதல் கேள்வி: "பாதை எங்கங்க இருக்கு?" நியாயமான கேள்விதான். பாதையை நாமதான் தின்னுட்டோம். தார் ரோடு வந்ததும் இட்டேரியில போறது குறைஞ்சது. கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டோம், போடும்போது ரெண்டடி தள்ளிப் போட்டோம். எதிர்த் தோட்டத்துக்காரனும் ரெண்டடி. சில இடத்துல முழுசாவே உழுது சேர்த்தாச்சு.

அடுத்தவங்களைச் சொல்லிட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. எங்க தோட்டத்தோட புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். பாதையோட அகலம் 20 லிங்க்ஸ், அதாவது சுமார் 13 அடி. இப்ப எங்க வேலிக்கும் எதிர் வேலிக்கும் நடுவுல இருக்கிறது ஏழடி. மூணடி எங்க பக்கம், மூணடி அவங்க பக்கம் போயிருக்கு. எங்க பக்கம் போட்டது எங்கய்யன், கம்பி வேலி போட்ட வருசம். அந்த மூணடியில ஏழு தென்னை நிக்குது. எல்லாம் காய்ப்புல இருக்கிற மரம்.

கிராமசபையில இதைப் பத்தி ஒரு மனு கொடுத்தேன். மூணு விசயம்தான் எழுதினேன். இனிமே எங்க ஊராட்சியில எந்த ரோடு போட்டாலும் ஓரத்தை அளந்து, போட்டோ எடுத்து ஊராட்சி ஆபீஸ் சுவத்துல ஒட்டின பிறகுதான் கடைசி பில் கொடுக்கணும். மறுபடி தார் போடும்போது பழசைச் சுரண்டணும். பஸ் ஸ்டாப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற இட்டேரிங்களை சர்வேயர் வெச்சு அளந்து கல் நட்டு, நூறு நாள் வேலையில முதல்ல அதைச் சீர் பண்ணணும். மனுவை வாங்கிக்கிட்டாங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறிச்சான்னு கேட்டா, "ஏத்திக்கலாங்க"ங்கறாங்க.

கூட்டம் முடிஞ்சு வெளிய வரும்போது எதிர்த் தோட்டத்துக்காரர், எனக்குச் சித்தப்பா முறை, தோள் மேல கை போட்டுட்டுக் கேட்டாரு: "ஏப்பா, மனுவெல்லாம் நல்லாத்தான் எழுதறே. உன்ற தென்னையை என்ன பண்ணப் போறே?"

"வேலியை உள்ள தள்ளிப் போட்டுக்கறேன் சித்தப்பா. மரம் பாதையில நிக்கட்டும், காயை ஊர் எடுத்துக்கட்டும். நீங்க?"

அவரு பதில் சொல்லலை. வீட்டுல இன்னும் சொல்லலைங்க நானும். அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். அந்த ஏழு மரத்துக்கும் குடத்துல தண்ணி ஊத்தி வளர்த்தது அவங்கதான். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "கம்பியைப் பிடுங்கறப்ப தெக்கால மூலையில இருக்கிற கிளுவையை மட்டும் வெட்டாதே"ன்னாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கேன்.